விடியுமுன் ஒலிக்கும் மணி

தீபகற்ப மலேசியாவில் இடைநிலைப்பள்ளி மாணவர் பலர், சூரியனைப் பார்ப்பதற்கு முன்பே சீருடை அணிந்துவிடுகின்றனர். கோலாலம்பூரில் ஆண்டின் எந்த மாதத்திலும் காலை 7 மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் சூரியன் உதிக்கிறது; பிப்ரவரி மாதத்தில் அது 7.25 மணிவரை தள்ளிப்போகிறது. காலைப் பிரிவுப் பள்ளிகளோ பெரும்பாலும் 7.30 மணியளவில் தொடங்கிவிடுகின்றன. பள்ளிப் பேருந்து ஆறரை மணிக்கு வருமென்றால், ஆறு மணிக்கு முன்பாகவே இருட்டில் எழுந்தாக வேண்டும். சில மாணவருக்கு இஃது எளிதாக இருக்கிறது. வேறு சிலருக்கு ஒவ்வொரு நாளும் போராட்டம். அலாரம் ஒலிக்கிறது, அடங்குகிறது, மீண்டும் ஒலிக்கிறது. சமையலறையிலிருந்து வந்த அம்மாவின் குரல் அறைவாசலுக்கே வந்துவிடுகிறது. காலுறைகளில் ஒன்றைக் காணவில்லை. வீட்டின் முதல் பேச்சே சண்டையாகிவிடுகிறது. 'சோம்பேறி' என்னும் சொல்லும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

அந்தச் சொல் பல வேளைகளில் பொருந்துவதில்லை. அதிகாலையை வெறுக்கும் மாணவர், ஒரே நேரத்தில் இரண்டு கடிகாரங்களோடு போராடுகிறார். ஒன்று சுவரில் மாட்டப்பட்டது. மற்றொன்று உடலுக்குள் இயங்குவது.

சுவர்க் கடிகாரத்தை முதலில் பார்க்கலாம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கோலாலம்பூர், கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 101.7 பாகையில் உள்ளது. அந்தக் கணக்கின்படி அந்நகரின் சூரிய நேரம், கிரீனிச் நேரத்தைவிட 6 மணி 47 நிமிடம் முன்னதாக இருக்க வேண்டும். நாடு பின்பற்றும் நேரமோ 8 மணி முன்னதாக இருக்கிறது. இந்த இடைவெளி ஒரே நாளில் ஏற்பட்டதன்று. 1905ஆம் ஆண்டில் 7 மணியாக இருந்த வேறுபாடு, 1933இல் 7 மணி 20 நிமிடமாகவும் 1941இல் ஏழரை மணியாகவும் ஆனது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோக்கியோவின் நேரமே இங்கும் நடப்பில் இருந்தது. போருக்குப் பின் மீண்டும் ஏழரை மணி. பின்னர், சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதற்கும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. 1982ஆம் ஆண்டு முப்பது நிமிடம் முன்கூட்டியே பிறந்தது. சிங்கப்பூரும் அதே மாற்றத்தைச் செய்துகொண்டது. அதனால்தான், கோத்தா கினபாலுவில் கிழக்கு வெளுக்கத் தொடங்கும் ஆறு மணிக்குக் கோலாலம்பூரில் நட்சத்திரம் தெரிகிறது.

இந்த 1 மணி 13 நிமிட வேறுபாட்டைத் தமிழ் மரபோடு சேர்த்துப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தனர். அவற்றுள் வைகறை என்பது பின்னிரவு 2 மணி முதல் 6 மணிவரை உள்ள பொழுது. அது சூரியனை வைத்துக் கணக்கிட்ட பொழுது. இன்று கோலாலம்பூரில் கடிகாரம் 6 மணி காட்டும்போது, சூரியக் கணக்கில் 4.47தான் ஆகியிருக்கும். ஆகவே, ஆத்திசூடி படித்த பாட்டி, 'ஆறு மணிக்கு எழுகிறாயே, இன்னும் முன்னதாக எழக்கூடாதா?' என்று பேரனைக் கடிந்துகொண்டால், பேரன் ஏற்கெனவே வைகறையில்தான் எழுகிறான் என்பதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

பாட்டி, தாத்தா தலைமுறையினர் அதிகாலையில் எழுந்தது உண்மைதான். இரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன், காற்று குளிர்ந்திருக்கும்போதுதான் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டிய பட்டையிலிருந்து பாலும் நெடுநேரம் வடியும். எனவே, அங்கு அதிகாலை என்பது மரம் விதித்த நேரம். ஆனால், பலரும் மறந்துவிடும் மறுபாதி ஒன்று உண்டு. பல தோட்டங்களில் மின்னாக்கி இரவில் சில மணி நேரமே ஓடியது. விளக்கு அணைந்ததும் லயமே உறங்கிவிடும். அத்தலைமுறையினர் முன்னதாக எழுந்ததைப் போலவே முன்னதாகப் படுக்கவும் செய்தனர். இன்றைய மாணவரிடம் முதல் பாதியை மட்டும் எதிர்பார்ப்பது கணக்கில் இடிக்கிறது.

இனி, உடலுக்குள் இருக்கும் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, மிகச் சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்று உள்ளது. உறக்கம், உடல்வெப்பம், பசி ஆகியவற்றின் நேரத்தை அது நெறிப்படுத்துகிறது. அதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் அன்று; பெரும்பாலோருக்குச் சில நிமிடங்கள் கூடுதல். ஆகவே, நாள்தோறும் அதைச் சற்று முன்னே திருப்பி வைக்க வேண்டியுள்ளது. அவ்வாறு திருப்பி வைப்பது முதன்மையாகக் காலை வெளிச்சமே. இத்தகைய கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கல் ரோஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பதின்ம வயதில் இக்கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி, மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கத் தொடங்கி, 'இரவு வந்துவிட்டது' என்று உடலுக்கு அறிவிக்கிறது. சிறுவயதைவிடப் பதின்ம வயதில் இந்த அறிவிப்பு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம்வரை தாமதமாகிறது. அதோடு, விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் சேரும் உறக்க அழுத்தமும் இந்த வயதில் மெதுவாகவே கூடுகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே கண் செருகிய பிள்ளை, பதினாறு வயதில் பத்தரை மணிக்கும் தெளிவாக விழித்திருப்பதற்கு இவை முக்கியக் காரணங்கள். இந்நிலை நிலையானதன்று, இருபது வயதை ஒட்டிக் கடிகாரம் மீண்டும் முன்னோக்கித் திரும்பத் தொடங்குகிறது. ஒருவருக்கொருவர் பிறவியிலேயே வேறுபாடும் உண்டு. ஒரே வீட்டில் அக்கா சேவலோடு எழுவதும் தம்பி ஆந்தையாக இருப்பதும் வளர்ப்பின் குற்றமன்று.

13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். உறங்கும் நேரம் பின்னே நகர்ந்து, எழும் நேரம் மட்டும் நகராமல் நின்றால் குறைவது உறக்கம்தான். குறைந்த உறக்கம் வகுப்பில் கொட்டாவியாக மட்டும் வெளிப்படுவதில்லை. நினைவாற்றல் தடுமாறுகிறது, சிறு சொல்லுக்கும் கோபம் வருகிறது, தந்தையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தோளில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுகிறது. கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்தானது.

பள்ளி நேரத்தையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016ஆம் ஆண்டில் தன் தொடக்க நேரத்தை 7.30லிருந்து 8.15க்கு மாற்றியது. மாணவியர் இன்னும் தாமதமாகப் படுக்கச் செல்வார்கள், பயன் ஒன்றும் இராது என்று சிலர் கருதக்கூடும். ஆனால், கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதி உறக்கத்திற்கே சென்றது. ஒன்பது மாதங்கள் கழித்தும் அந்தப் பயன் முற்றிலும் மறையவில்லை என்பதை ஆய்வாளர்கள் கண்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், உயர்நிலைப்பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டமே இயற்றி, 2022இல் நடைமுறைப்படுத்தியது.

எனினும், பள்ளி நேரத்தையோ நாட்டின் நேரத்தையோ ஒரு மாணவர் மாற்றிவிட இயலாது. அவர் கையில் இருப்பது, எழுவதற்கும் வாசலைத் தாண்டுவதற்கும் இடைப்பட்ட அரை மணி நேரமும் அதற்கு முந்திய இரவும்தான்.

எடுத்துக்காட்டாக, காப்பாரில் வசித்துக் கிள்ளானில் படிக்கும் படிவம் நான்கு மாணவி ஒருத்தியைக் கருதலாம். பேருந்து 6.25க்கு வருகிறது. அவள் அலாரத்தை 5.15க்கு வைக்கிறாள். அது ஒலித்ததும் நிறுத்துகிறாள். பிறகு ஐந்து, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அது ஒலிக்கிறது. உண்மையில் அவள் எழுவது 5.55க்கு. இடைப்பட்ட நாற்பது நிமிடமும் உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. துண்டு துண்டான அந்த உறக்கத்தால் உடலுக்குப் பெரிய நன்மை கிடைப்பதில்லை. இவளுக்கு ஏற்ற முதல் மாற்றம், பலரும் சொல்வதற்கு நேர்மாறானது: அலாரத்தை முன்னே கொண்டுவராமல், பின்னே தள்ளுவது. 5.50க்கு ஒரே ஒரு மணி. அது ஒலிக்கும் இடம் கைக்கு எட்டாத மேசை. எழுந்து நடந்தால்தான் நிறுத்த முடியும். முப்பத்தைந்து நிமிடம் கூடுதலாக நிம்மதியாக உறங்கிய பிறகு எழுவதால், முன்பு இருந்த கசப்பும் சற்றுக் குறைகிறது.

5.50லிருந்து 6.25வரை முப்பத்தைந்து நிமிடம். குளிக்கப் பத்து, சீருடை அணிய ஐந்து, தலைவார ஐந்து, ஏதேனும் சாப்பிட ஏழு, சாமி படத்திற்கு முன் விளக்கேற்றி நீறு பூச ஒன்று, காலணி அணிய இரண்டு. கூட்டினால் முப்பது. கையிருப்பு ஐந்து நிமிடம். தாளில் எழுதினால் போதுமான நேரம்தான். அப்படியிருந்தும் ஏன் போதவில்லை? அவளுடைய காலையில் இந்தப் பட்டியலில் இல்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். இன்று எந்தப் பாடம் என்று அட்டவணையைப் பார்த்துப் புத்தகம் எடுக்க வேண்டும். ஆசிரியர் கேட்ட படிவத்தில் அப்பாவின் கையொப்பம் வாங்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தேட வேண்டும். காலையில் என்ன சாப்பிடுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

எழுந்தவுடன் ஏற்படும் தூக்கக் கலக்கம் பொதுவாகக் கால் மணி முதல் அரை மணி நேரம் நீடிக்கும். திட்டமிடுதல், முடிவெடுத்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி, மற்றப் பகுதிகளைவிடத் தாமதமாகவே முழு விழிப்புக்கு வருகிறது. ஆகவே, அந்த நேரத்தில் கை தானாகச் செய்யும் வேலைகளை மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது. தேடவேண்டியவை, தேர்ந்தெடுக்க வேண்டியவை, பிறரைக் கேட்க வேண்டியவை ஆகிய அனைத்தும் முந்திய இரவுக்கே உரியவை. நன்றாக விழித்திருக்கும் மூளை இரவு ஒன்பது மணிக்கு எளிதில் முடிக்கும் வேலையை, அரைத்தூக்கத்தில் இருக்கும் மூளையிடம் விடியுமுன் ஒப்படைப்பது நியாயமன்று. இஸ்திரி போட்ட சீருடை நாற்காலியில் தொங்கட்டும். பை வாசலருகே இருக்கட்டும். கையொப்பமிட்ட படிவம் அதற்குள் இருக்கட்டும். காலுறைகள் காலணிக்குள்ளேயே கிடக்கட்டும். ரொட்டியும் வாழைப்பழமும் மேசைமேல் மூடியிருக்கட்டும். இவ்வளவுக்கும் இரவில் தேவைப்படுவது ஏறக்குறைய பதினைந்து நிமிடம்.

செய்யும் வரிசையும் மாறாமல் இருக்க வேண்டும். அலாரத்தை நிறுத்திய கை விளக்கைப் போடுகிறது. விளக்கைப் போட்ட கால் குளியலறைக்குச் செல்கிறது. ஒன்று முடிந்ததே அடுத்ததற்கு அறிகுறியாகிறது. சில வாரங்களில் இவ்வரிசை பழகிவிடும். எட்டு மணிக்கு முன் எதையும் யோசிக்க விரும்பாதவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. புதிய ஆண்டோ புதிய தவணையோ தொடங்கும்போது, பலர் காலைப் பொழுதில் நற்பழக்கங்களை எல்லாம் ஒருங்கே ஏற்றிவிடுகின்றனர்: உடற்பயிற்சி, நாளிதழ் வாசிப்பு, சூத்திரங்களை மனனம் செய்தல், நாட்குறிப்பு எழுதுதல். இயல்பாகவே அதிகாலையில் எழுபவருக்கு இவை பொருந்தலாம். காலையை வெறுப்பவருக்கு இவை மூன்றாம் நாளே சுமையாகி, நான்காம் நாள் கைவிடப்படுகின்றன. அவருக்கு மாலை ஆறு மணிக்கு ஓடுவதும் இரவு எட்டு மணிக்குப் படிப்பதும் அதே பயனைத் தரும். காலையில் அவர் செய்ய வேண்டியது, நேரத்தோடு, சண்டையின்றி வீட்டைவிட்டுக் கிளம்புவது மட்டுமே. எஸ்.பி.எம். எழுதுபவர்களுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு உண்டு. பல தாள்கள் காலை எட்டு மணிக்கே தொடங்குகின்றன. எனவே, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து வார இறுதிகளில் அந்த நேரத்தில் அமர்ந்து ஒரு பயிற்சித்தாளைச் செய்து பழகுவது உதவும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, தீபகற்ப மாணவருக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. உடற்கடிகாரத்தை முன்னே திருப்பக் காலை வெயில் வேண்டும். அவர் எழும்போதோ வெயிலே இல்லை. ஆகவே, எழுந்தவுடன் அறையின் பெரிய விளக்கைப் போடுவது முதல் உதவி. கதவோரம் நின்று பலமுறை குரல் கொடுக்கும் பெற்றோர், ஒருமுறை விளக்கைப் போட்டுவிட்டுச் சென்றாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால், வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டுவது அரிது. திறந்தவெளியிலோ, மேகமூட்டமான நாளில்கூட, ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். மாணவர் பலர் அலுத்துக்கொள்ளும் காலைச் சபைகூடல் திடலில் நடந்தால், அந்தப் பத்து நிமிடம் உடற்கடிகாரத்திற்குக் கிடைக்கும் நல்ல மருந்து. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் உள்மூலையைவிட வெளிச்சம் படும் ஓரத்து மேசையில் அமர்ந்து நாசி லெமாக் உண்பதும் அவ்வாறே.

இரவில் வெளிச்சம் நேர்மாறான வேலையைச் செய்கிறது. படுக்கையில் முகத்தருகே ஒளிரும் கைப்பேசி, மெலடோனின் சுரப்பதை இன்னும் தாமதப்படுத்துகிறது. ஒளியைவிடப் பெரிய தொல்லை அதிலுள்ள செய்திகளும் காணொளிகளும்தான். அவற்றுக்கு முடிவே இல்லை. கைப்பேசியை வரவேற்பறையில் மின்னேற்ற வைத்துவிட்டு, அலாரத்திற்கு ஒரு சிறிய கடிகாரத்தை வாங்கிக்கொள்ளலாம். பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் கடிகாரமும் போதும்.

காப்பார் மாணவி 5.50க்கு எழுந்து எட்டு மணி நேரம் உறங்கியிருக்க வேண்டுமானால், இரவு 9.50க்குத் தூங்கியிருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவளுடைய டியூஷன் வகுப்பே ஒன்பதரைக்குத்தான் முடிகிறது. வீடு வந்து, சாப்பிட்டு, மறுநாளுக்கு ஆயத்தம் செய்து படுக்கும்போது பத்தரை மணி. அந்நாள்களில் ஏழு மணி இருபது நிமிடம்தான். எந்த உத்தியும் இந்தக் கழித்தலை மாற்றாது. பள்ளியிலிருந்து திரும்பியதும், நான்கு மணிக்கு முன்பாக இருபது நிமிடம் கண்ணயர்வது ஓரளவு ஈடுசெய்யும். மாலையில் இரண்டு மணி நேரம் உறங்கினால் அன்றைய இரவுத் தூக்கம் கெடும். அதைவிட, அந்த டியூஷன் வகுப்பு அவசியமா, சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசுவது பயனுள்ளது. உறங்கும் நேரத்தைக் காப்பாற்றும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் மனவுறுதியிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

வார இறுதியில் நண்பகல்வரை உறங்கும் வழக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. ஐந்து நாளின் கடனை உடல் இரண்டு நாளில் வசூலிக்கிறது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்தவருக்கு அன்றிரவு பத்து மணிக்கு உறக்கம் வராது. திங்கட்கிழமை எழும்போது, வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவரைப் போலத் தடுமாறுவார். வெள்ளி, சனி விடுமுறையாக உள்ள கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் இதே தடுமாற்றம் ஞாயிறன்று நிகழும். வழக்கத்தைவிட ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் மட்டும் கூடுதலாக உறங்கினால், பாதிப்பு பெரிதாக இருப்பதில்லை.

போதிய நேரம் உறங்கியும் பகல் முழுவதும் தூக்கம் வருவது, உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் திணறல், வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வு ஆகியவை இருந்தால், இது காலைப் பழக்கம் பற்றிய சிக்கலாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஆலோசனை ஆசிரியரிடம் தெரிவித்து, அருகிலுள்ள கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

நீண்ட பள்ளி விடுமுறை இந்த ஒழுங்கையெல்லாம் கலைத்துவிடும், அதில் தவறில்லை. விடுமுறையில் எட்டரை மணிக்கு எழுந்து பழகியவர், பள்ளி திறக்கும் நாளன்று திடீரென்று 5.50க்கு எழ முயன்றால் உடல் ஒத்துழைக்காது. பள்ளி திறப்பதற்கு எட்டு நாள்களுக்கு முன்பிருந்து, நாள் ஒன்றுக்கு இருபது நிமிடம் அலாரத்தை முன்னே கொண்டுவர வேண்டும். முதல் நாள் 8.10, அடுத்த நாள் 7.50. எழுந்ததும் வாசலுக்குச் சென்று வெளிச்சத்தில் நிற்பது இன்னும் விரைவாகப் பலன் தரும். முதல் சில நாள்கள் அதற்கு வெயில் இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து, 6.50, 6.30 என்று மணி குறையும்போது, மீண்டும் அறை விளக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.